நின்ற பிறகுதான் ஃபர்ஸ்ட்

அம்பாசடரிலோ பழைய ஃபியட்டிலோ வண்டி பழகினவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஃபர்ஸ்ட் கியரில் வந்து நிற்பார்கள். 'வண்டி நின்ன பிறகுதான் ஃபர்ஸ்ட்' என்பது அவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். இன்றைய வண்டியில் பழகினவர்களுக்கு அது ஏன் என்று தெரிய வாய்ப்பில்லை. ஸ்பீடு பிரேக்கரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஃபர்ஸ்டைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், வண்டியும் பேசாமல் போகிறது. அதே கையை ஒரு பழைய பத்மினி காரின் கியரில் வைத்தால் பல் நறநறக்கும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் தாத்தா வண்டியை வெளியே எடுக்க நினைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், ஆசைப்பட்டுப் பழைய வண்டி வாங்கிவிட்டு அந்தச் சத்தத்துக்குப் பயந்து நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த ஒரு விதியின் காரணம் பிடிபட்டுவிட்டால் பழைய வண்டியில் மற்றதெல்லாம் வரிசையாகப் பிடிபடும்.

மூன்று வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வந்த அம்பாசடர். மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட் 1100. 1970-களில் இதற்குத்தான் பத்மினி என்று பெயர் மாறியது. மூன்றாவது நம்ம ஊர் வண்டி: 1961-இல் தொடங்கி சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் உருவான ஹெரால்டு. மாருதி வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டில் கார் பழகினவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் பழகியிருப்பார்கள். மூன்றிலும் நாலு கியர். மூன்றிலும் செகண்டு, தேர்டு, டாப் ஆகிய மூன்றுக்குத்தான் சிங்க்ரோ உண்டு, ஃபர்ஸ்டுக்குக் கிடையாது. (கடைசிக் காலத்தில் இசுசூ இன்ஜினும் ஐந்து கியரும் வைத்து வந்த 1800 அம்பாசடர் வேறு சாதி. அது இந்தக் கணக்கில் சேராது.)

சிங்க்ரோ என்பது என்ன? கியர்பாக்ஸுக்குள் இரண்டு தண்டுகள் முக்கியம். கீழே இருப்பது லே ஷாஃப்ட். கிளச் வழியாக இன்ஜின் அதைச் சுழற்றும். மேலே இருப்பது மெயின் ஷாஃப்ட். அது பின்சக்கரத்தோடு சேர்ந்தது; சக்கரம் சுற்றினால் சுற்றும், நின்றால் நிற்கும். கியர் போடுவது என்றால் வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இந்த இரண்டையும் பூட்டுவது. வேகம் ஒத்துப்போகாமல் பூட்டினால் பல்லோடு பல் மோதும். சிங்க்ரோ உள்ள கியரில், பூட்டு விழுவதற்கு ஒரு கணம் முன்னால் ஒரு பித்தளை வளையம் கூம்பு மாதிரியான பரப்பில் உரசி இரண்டு வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். பழைய வண்டியின் ஃபர்ஸ்டில் அந்த வளையம் இல்லை. அந்த வேலையை டிரைவர்தான் செய்ய வேண்டும்.

அதோடு, பல வண்டிகளில் ஃபர்ஸ்ட் கியர் சக்கரத்தின் பற்கள் சாய்வாக இல்லாமல் நேராக வெட்டியவை. சக்கரமே தண்டின்மேல் நகர்ந்து போய்க் கோக்கும். ஃபர்ஸ்டிலும் ரிவர்ஸிலும் மட்டும் 'ம்ம்ங்ங்' என்று ஒரு இரைச்சல் கேட்கிறதே, அது இந்த நேர்ப்பல்லின் சத்தம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது, அந்தச் சக்கரம் நகர்ந்து கோக்கும்போது அடி வாங்குவது கியரின் பல்லே என்பதற்குத்தான். ஒவ்வொரு 'கர்ர்'ருக்கும் பல்லின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறுகிறது, அந்தத் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்கிறது. ஆயில் மாற்றும்போது வடிகால் போல்ட்டில் ஒட்டியிருக்கும் தூளைப் பார்த்தே முன்னால் ஓட்டினவர் கை எப்படி என்று நல்ல மெக்கானிக் சொல்லிவிடுவார்.

இப்போது, வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, நியூட்ரலில் இருக்கிறீர்கள். கிளச்சை மிதித்த உடனே ஃபர்ஸ்டைப் போட்டால் கர்ர் என்கிறது. வண்டி நின்றுதானே இருக்கிறது, அப்புறம் என்ன? நியூட்ரலில் கிளச்சை விட்டிருந்த நேரம் முழுக்க லே ஷாஃப்ட் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கிளச்சை மிதித்ததும் அதற்கு இன்ஜின் தொடர்பு அறுந்துபோகும், ஆனால் சுற்றிய வேகம் உடனே அடங்காது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஓடும் மின்விசிறி மாதிரி. அதனால் கிளச்சை முழுக்க மிதித்து, மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுப் போட வேண்டும். பழைய டிரைவர்கள் எண்ணுவதில்லை, அவர்கள் கைக்கே தெரியும்.

சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்போது மூன்று எண்ண நேரமில்லையா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பழைய ஓட்டுநர்களிடமிருந்து கற்க வேண்டியவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன். கிளச்சை மிதித்து, லீவரை முதலில் செகண்டுக்குக் கொண்டுபோய் லேசாக அழுத்துங்கள். செகண்டில் பித்தளை வளையம் இருக்கிறது அல்லவா? அது உரசி, சுற்றிக்கொண்டிருக்கும் லே ஷாஃப்டைப் பிடித்து நிறுத்திவிடும். அங்கிருந்து அப்படியே ஃபர்ஸ்டுக்கு நகர்த்தினால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழும். கிளச்சை இடையில் விட்டுவிடக் கூடாது, விட்டால் திரும்பச் சுற்ற ஆரம்பித்துவிடும். ரிவர்ஸுக்கும் இதே தந்திரம்தான். இன்றைய வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு இன்னும் சிங்க்ரோ கிடையாது. புது வண்டியிலும் ரிவர்ஸ் போடும்போது கர்ர் என்றால் இதைச் செய்து பாருங்கள்.

சில சமயம் சத்தமே இல்லாமல் லீவர் பாதியில் கட்டையாக நிற்கும். பல்லுக்கு நேர் பல் வந்து முட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்தித் தள்ளக் கூடாது. நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை ஒரு தரம் விட்டு மிதித்தால் பல் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அப்போது விழும்.

மூன்று எண்ணிய பிறகும், செகண்டைத் தொட்டுப் போட்ட பிறகும் கர்ர் என்றால் குறை உங்கள் கையில் இல்லை. கிளச் முழுக்கப் பிரியவில்லை. பெடலில் சும்மா போகும் தூரம் அதிகமாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். கையால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் எதிர்ப்பில்லாமல் போக வேண்டும். இரண்டு அங்குலம் போனால் மிச்ச மிதியில் பிளேட் முழுக்க விலகாது. ஹெரால்டு மாதிரி ஹைட்ராலிக் கிளச் உள்ள வண்டியில் பெடலை நாலைந்து தரம் தொடர்ந்து மிதித்தால் சரியாகிறதென்றால் சிலிண்டர் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது லைனில் காற்று இருக்கிறது. இரண்டும் சரி என்றால் பிளேட் வளைந்திருக்கலாம். அதற்குக் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

பெடலில் அந்தச் சும்மா தூரம் துளியும் இல்லாமல் போனாலும் ஆபத்து. அம்பாசடரின் முன்னோர்களான பிரிட்டிஷ் வண்டிகளில் கிளச்சை அழுத்தும் இடத்தில் உருளை பேரிங்குக்குப் பதில் கறுப்பாக ஒரு கார்பன் வளையம்தான் இருக்கும். இடைவெளி இல்லையென்றால் அது எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும், பென்சில் முனை மாதிரித் தேய்ந்து தீரும். கிளச்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கமும் இதைத்தான் செய்யும். 'கால தரையில வை' என்று அந்தக் காலத்து ஆசான்கள் கத்தியதன் பொருள் இது. கியர் மாற்றாத நேரத்தில் இடது காலுக்குக் கிளச்சில் வேலையே இல்லை.

இனி, டபுள் கிளச். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபர்ஸ்ட் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் இது ஒன்றுதான் வழி. செகண்டில் மெதுவாகப் போகிறீர்கள், சுமார் 10 கிலோமீட்டர் வேகம். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுங்கள். கிளச்சை விடுங்கள். நியூட்ரலில் கிளச் விட்டிருக்கும் இந்த ஒரு கணத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி ரேஸ் கொடுங்கள். உடனே திரும்பக் கிளச்சை மிதித்து ஃபர்ஸ்டைப் போட்டு, கிளச்சை விடுங்கள். சொல்ல இவ்வளவு நேரம் ஆகிறது, செய்ய ஒன்றரை வினாடி.

நடுவில் ரேஸ் எதற்கு? வண்டியின் வேகம் மாறாமல் செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு இறங்கினால் லே ஷாஃப்ட் முன்னைவிட வேகமாகச் சுற்றியாக வேண்டும். ஒரு கணக்குக்காக, செகண்டின் விகிதம் 2.2, ஃபர்ஸ்டின் விகிதம் 3.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்டில் இன்ஜின் 1000 சுற்றில் இருந்தால் ஃபர்ஸ்டுக்கு ஏறக்குறைய 1600 வேண்டும். அந்த 600-ஐத்தான் காலால் தட்டிக் கொடுக்கிறோம். கிளச்சை விட்டுவிட்டுத் தட்டினால்தான் அந்த வேகம் லே ஷாஃப்டுக்குப் போய்ச் சேரும். கிளச்சை மிதித்துக்கொண்டே ரேஸ் கொடுத்தால் சத்தம் கேட்கும், பலன் ஒன்றும் இராது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இதுதான்.

எவ்வளவு தட்டுவது என்பதற்கு மீட்டர் கிடையாது. இந்த வண்டிகளின் டேஷ்போர்டில் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளே இருக்காது. காதுதான் மீட்டர். அதனால் முதலில் தேர்டிலிருந்து செகண்டுக்கு வரும்போது இதைப் பழகுங்கள். செகண்டில் சிங்க்ரோ இருப்பதால் தப்பானாலும் பல் போகாது. ஆனால் சரியாகத் தட்டினீர்களா என்பது கைக்குத் தெரிந்துவிடும்: லீவர் தானாக உள்ளே இழுத்துக்கொண்டால் சரி, ரப்பரைத் தள்ளுவது போல இருந்தால் ரேஸ் போதவில்லை அல்லது மிஞ்சிவிட்டது. நூறு தரம் அங்கே சரியாக வந்த பிறகு ஃபர்ஸ்டுக்கு வாருங்கள். செகண்டின் பித்தளை வளையம் தேய்ந்துபோன வண்டிக்கும் இதே வைத்தியம்தான். மெதுவாக மாற்றினால் சத்தமில்லை, அவசரமாக மாற்றினால் கர்ர் என்கிறது என்றால் வளையம் தேய்ந்திருக்கிறது. டபுள் கிளச் போட்டு ஓட்டினால் அந்தப் பெட்டியை இன்னும் பல வருஷம் பிரிக்காமல் ஓட்டலாம்.

மேலே ஏற்றும்போது, அதாவது செகண்டிலிருந்து தேர்டுக்குப் போகும்போது, ரேஸ் வேண்டாம். லே ஷாஃப்ட் வேகம் குறைய வேண்டும் என்பதால் நியூட்ரலில் ஒரு கண்ணிமைப்பு நிறுத்திவிட்டுப் போட்டால் போதும். நல்ல பழைய டிரைவர் கியர் மாற்றும்போது கவனித்தால், கை நடுவில் ஒரு மூச்சு நிற்பது தெரியும்.

லீவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெரால்டில் கியர் தரையில் இருக்கும். அம்பாசடரிலும் பத்மினியிலும் வெகுகாலம் ஸ்டீயரிங் தூணிலேயே இருந்தது. முன்சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருந்ததால் முன்னால் மூன்று பேர் உட்கார அது வசதி. தரையில் படுத்திருக்கும் 'எச்' எழுத்தைத் தூக்கி நிறுத்தினால் எப்படியோ அப்படித்தான் அதன் வழி. லீவரை மேலும் கீழும் அசைத்தால் கியர் விழும், நம் பக்கம் இழுத்தும் அந்தப் பக்கம் தள்ளியும் வரிசை மாற்ற வேண்டும். எந்த வரிசையில் எந்தக் கியர், ரிவர்ஸ் எங்கே என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதை அந்த வண்டியை ஓட்டினவரிடமே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், ஊகத்தில் போடாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கிளச்சை மிதித்துக்கொண்டு, கண்ணை மூடி நாலு கியரையும் ஒரு ஐம்பது தரம் போட்டு எடுங்கள். மணிக்கட்டால் போட வேண்டும், தோளால் அல்ல.

தூண் கியரின் பலவீனம் நடுவில் உள்ள கம்பிகளும் புஷ்களும். லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை நாலைந்து மூட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன புஷ், அதாவது கம்பி ஆடாமல் திரும்புவதற்கான வளையம். அவை தேய்ந்தால் லீவர் தளதளவென்று ஆடும். ஒரு வரிசையை முழுக்க விடாமலே அடுத்த வரிசைக்குப் போய்விடும். பிறகு கியர் மாட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்கும், லீவர் எந்தப் பக்கமும் வராது. அப்போது பலத்தைக் காட்டினால் கம்பி வளையும். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பானட்டைத் திறந்து தூணின் அடியில் உள்ள கம்பி மூட்டைக் கையால் அசைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் விடுபடும். வீட்டுக்கு வந்ததும் புஷ்களை மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸே போய்விட்டது என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது சில புஷ்கள்தான்.

காலையில் வண்டியை எடுப்பதும் ஒரு பாடம். கார்புரேட்டர் வண்டிக்குச் சோக் உண்டு. குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக்கை முழுக்க இழுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடிக்க வேண்டும். பிடித்ததும் பாதி உள்ளே தள்ளி, ஒன்றிரண்டு நிமிஷத்தில் முழுக்கத் தள்ளிவிட வேண்டும். மார்கழி ஊட்டிக்கும் சித்திரை வேலூருக்கும் ஒரே சோக் அல்ல. நம் சமவெளிக் கோடையில் பாதிச் சோக்கே மிஞ்சும், மதியத்தில் தேவையே இல்லை. அதிகம் இழுத்தால் பெட்ரோல் வாசனை குப்பென்று வரும், செல்ஃப் சுற்றும், பிடிக்காது. பிளக் நனைந்துவிட்டது. சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்து ஐந்தாறு வினாடி செல்ஃப் அடியுங்கள். காற்று அதிகம் போய்ப் பெட்ரோல் உலரும். பெடலை மிதித்து மிதித்து விடக் கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் இன்னும் பெட்ரோலைப் பீய்ச்சும்.

டீசல் அம்பாசடரில் சோக் இல்லை. அதற்குப் பதில் ஹீட்டர்: சாவியை அந்த நிலையில் 15, 20 வினாடி பிடித்துவிட்டுத்தான் செல்ஃப்.

பேட்டரி இறங்கியிருந்தால் தள்ளு ஸ்டார்ட். சாவியைப் போட்டு, செகண்டில் வைத்து, கிளச்சை மிதித்துக்கொண்டு தள்ளச் சொல்லுங்கள். வேக நடை வேகம் வந்ததும் கிளச்சைச் சட்டென்று விட்டு, இன்ஜின் பிடித்த உடனே திரும்ப மிதியுங்கள். ஃபர்ஸ்டில் செய்யக் கூடாது. இன்ஜினைச் சுற்றுவதற்குள் சக்கரம் கட்டிக்கொண்டு தேயும். முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வண்டி என்றால் ஒன்றை மறக்கவே கூடாது: கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள், கம்பியைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். கீழிருந்து மேலே இழுக்க மட்டும் செய்யுங்கள், மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும். சுற்றுவதற்கு முன் நியூட்ரலில் இருக்கிறதா என்று லீவரை ஆட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கிளச் 'பிடிக்கும் இடம்' எங்கே என்று பழகாமல் ரோட்டுக்கு வரக் கூடாது. மட்டமான மைதானத்தில் ஃபர்ஸ்ட் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளச்சை மட்டும் நூல் நூலாக விடுங்கள். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், பானட் முனை லேசாக நிமிரும். அதுதான். அங்கேயே காலை நிறுத்தினால் வண்டி தானாக ஊர்ந்து புறப்படும். அப்போது பாதத்தை விடுவிக்கலாம். புதியவர்கள் அந்த இடம் வந்ததும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், வண்டி ரெண்டு குதி குதித்து ஆஃப் ஆகிறது. குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் கணுக்காலால் தூக்கினால் குதிக்காது. ஒரு நாளைக்கு இருபது தரம், மூன்று நாள் போதும். புறப்பட்டதும் ஃபர்ஸ்டிலேயே இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. 10, 15 கிலோமீட்டரில் செகண்டு, 25, 30-இல் தேர்டு, 40 தாண்டி டாப். இந்த இன்ஜின்கள் குறைந்த வேகத்தில் நன்றாக இழுக்கும், அலறவிடத் தேவையில்லை.

ஸ்டீயரிங்குக்குப் பவர் கிடையாது என்பதால் நின்ற இடத்தில் திருப்பாதீர்கள். வண்டி ஒரு சாண் நகரட்டும், பிறகு திருப்புங்கள். இதில் ஹெரால்டுக்கு ஒரு சொத்து உண்டு. அதன் திருப்பு வட்டம் சுமார் 25 அடிதான், சந்துக்குள் ஒரே வீச்சில் திரும்பிவிடும்.

இந்தப் பாடமெல்லாம் சேர்ந்து பரீட்சைக்கு வரும் இடம் மலைப்பாதை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. ஐந்து பேரும் சாமானும் ஏற்றிய வண்டி செகண்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் திரும்பும் வளைவு வருகிறது. நாம் இடப்பக்கமாகப் போவதால் நமக்கு உள்வட்டம். அங்கேதான் ஏற்றம் செங்குத்து. பாதி வளைவில் செகண்டு திணறுகிறது, வண்டி நடுங்குகிறது, ஃபர்ஸ்ட் வேண்டும். சிங்க்ரோ இல்லாத ஃபர்ஸ்ட், குறைந்துகொண்டே வரும் வேகம், கிளச்சை மிதித்த கணத்தில் பின்னால் உருளத் துடிக்கும் வண்டி.

அனுபவசாலி அந்த நிலைக்குப் போகவே மாட்டார். வளைவுக்குப் பத்து அடி முன்னால், ரோடு கொஞ்சம் மட்டமாக இருக்கும்போதே, டபுள் கிளச்சில் ஃபர்ஸ்டைப் போட்டுவிட்டு உள்ளே நுழைவார். வளைவுக்குள் கியரைத் தொட மாட்டார். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம், அகலம் அதிகம், ஏற்றம் குறைவு, செகண்டே போதும். இப்படி வளைவைத் தூரத்தில் பார்த்ததும் எந்தக் கியர் என்று முடிவு செய்வதுதான் மலையில் வண்டி ஓட்டுவது.

முடிவு தப்பிப்போய் நடுவளைவில் மாட்டிக்கொண்டால், தடுமாறி ஃபர்ஸ்டைத் தேடாதீர்கள். பிரேக்கைப் போட்டு முழுக்க நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக். கிளச், செகண்டைத் தொட்டு ஃபர்ஸ்ட். கொஞ்சம் ரேஸ் கொடுத்து, கிளச்சைப் பிடிக்கும் இடம் வரை கொண்டுவந்து, முன்பக்கம் நிமிர்வதை உணர்ந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். குடைப்பிடி மாதிரி இழுக்கும் ஹேண்ட் பிரேக் என்றால் கைப்பிடியைத் திருகிவிட்டுத் தள்ள வேண்டும். அதை மட்டமான இடத்தில் முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் இல்லாமல் பாதிக் கிளச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைக்கிற வித்தையைச் சிலர் பெருமையாகச் செய்வார்கள். ஒரு நிமிஷம் அப்படி நின்றால் கருகிய வாடை வரும். அது கிளச் பிளேட் எரியும் வாடை. அகலமில்லாத இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியின் அருமை, ஏற்றத்தில் ஒரு தரம் நின்று புறப்பட்டவருக்குத்தான் தெரியும்.

ஏறும்போது இன்னொரு தொல்லை, வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடுவது. வண்டி இருமி இருமி நிற்கும். பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருப்பதால் வரும் வினை. நனைத்த துணியைப் பம்ப்மேல் சுற்றி, பத்து நிமிஷம் பானட்டைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும். அதனால்தான் பழைய ஆட்கள் சீட்டுக்கடியில் எப்போதும் ஒரு பழந்துணியும் தண்ணீர்க் கேனும் வைத்திருந்தார்கள். ரேடியேட்டர் கொதித்தால் மூடியை உடனே திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு, தடித்த சாக்குத் துணியை மேலே போட்டு, முதல் தடுப்பு வரை மட்டும் திருகி, ஆவி அடங்கின பிறகு முழுக்கத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

இறங்கும்போது நியூட்ரல் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். இங்கேயும் அந்த விதி வந்து நிற்கிறது: இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு ஃபர்ஸ்டுக்கு மாற நினைத்தால் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். உச்சியில், வண்டி நிற்கும்போதே ஃபர்ஸ்டா செகண்டா என்று முடிவு செய்து போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். மழையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டின பிறகு பிரேக் பிடிக்காது. இடது காலைப் பயன்படுத்தாமல், மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக ஏழெட்டுத் தரம் தொட்டால் லைனிங் உலரும்.

சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். மூக்கு மேலே பார்த்திருந்தால் ஃபர்ஸ்ட், கீழே பார்த்திருந்தால் ரிவர்ஸ் போட்டு, முன்சக்கரத்தை ரோட்டோரத்துப் பக்கம் திருப்பி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுங்கள். திரும்ப வந்து ஸ்டார்ட் செய்யும்போது கிளச்சை மிதித்துவிட்டுத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும், கியரில் இருக்கிறது என்பது மறந்துபோகும். புறப்பட்டதும் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, யாரையாவது இறங்கச் சொல்லி அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடச் சொல்லுங்கள். ராத்திரியில் அந்த வளைவில் பைக்கில் வருகிறவருக்கு அது கண்ணுக்குத் தெரியாது.